ஐந்து பாட்டில் தண்ணீர்

எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரு பொன்னாடை போர்த்தினால் போதும், அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் பாவாது. கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. ஊராட்சி அலுவலகத்து முன்னால் பந்தல் போட்டு, மைக் செட் கட்டி, ஐந்து பேரை வரிசையாக நிற்கவைத்துப் போர்த்தியதை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவள் நான். ஐந்தில் ஒருவர் என் வீட்டுக்காரர். தண்ணீரைக் கெடுக்காமல் விவசாயம் செய்கிறவர்கள் என்று அவர்களுக்கு அந்த மரியாதை. அதற்கு நான்கு நாள் முன்புதான் எங்கள் காட்டில் (வயலைக் காடு என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்), ஓடைக்கரையை ஒட்டி, ஒரு டிப்பர் நிறையக் கோழி எருவைக் கொட்டியிருந்தார். பந்தல் வரைக்கும் நாற்றம் வந்தது. மைக்கில் பேசிய அதிகாரி மூக்கைத் தேய்த்துக்கொண்டே எங்கள் ஊரின் தூய்மையைப் பற்றிப் பேசினார்.

சிரித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். முடியவில்லை. அந்தப் பொன்னாடைக்கு முதல் காரணமே நான் ஊற்றிக் கொடுத்த ஒரு பாட்டில் தண்ணீர்தான்.

எங்கள் ஊர் நாமகிரிப்பேட்டைக்குப் பக்கம். மலையடியில் கிளம்பும் ஓடை ஒன்று ஏழெட்டு ஊர் வழியாக இறங்கி ஏரியில் போய்ச் சேர்கிறது. ஓடையின் இரண்டு பக்கமும் எங்களைப் போன்றவர்களின் நிலம். மஞ்சள், சின்ன வெங்காயம், மரவள்ளி. எங்களுக்குக் கீழே, ஓடை வளைகிற இடத்தில், எங்கள் காட்டில் வேலை செய்கிற குடும்பங்களின் தெரு. மேலே எதைப் போட்டாலும் கீழேதான் இறங்கும். இதைத் தெரிந்துகொள்ள ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், மழை பெய்கிறபோது வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும்.

போடுவதிலும் எங்களுக்கு ஒரு கணக்கு வழக்கு கிடையாது. நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து கோழி எரு லாரி லாரியாக வரும். மட்கவிட்டுத்தான் போட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் விடமாட்டார்கள். பக்கத்துக் காட்டு வெங்காயம் ஒரு விரற்கடை உயரமாகத் தெரிந்துவிட்டால் என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்காது. அன்றைக்கே யூரியா மூட்டையைப் பிரித்து வீசிவிட்டு வருவார். "ஏனுங்க, போன வாரந்தான போட்டீங்க?" என்று கேட்டால், "வெங்காயம் கேக்குதுடி" என்பார். வெங்காயம் கேட்டது அந்தக் காதில் விழுந்துவிட்டதாம். முப்பத்தைந்து வருஷமாக நான் கேட்டது ஒன்றுகூட விழுந்ததில்லை.

இப்படியே போட்டுப் போட்டு, எங்கள் கிணற்றுத் தண்ணீரை நாங்களே வாயில் வைக்க முடியாமல் போய்விட்டது. டீ போட்டால் ஒரு மாதிரி கரிக்கும். பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும். மேலே இருக்கிற எங்கள் ஐந்து வீட்டிலும் குடிப்பதற்குக் கேன் தண்ணீர்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் ராசிபுரத்திலிருந்து டெம்போ வந்து ரோட்டில் இறக்கிவிட்டுப் போகும். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தூக்கி வருகிறவள், எங்கள் காட்டில் களை எடுக்கிறவள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். நிறை கேனை இடுப்பில் சாய்த்துக்கொண்டு வருவாள். சமையல்கட்டு வாசற்படியில் இறக்குவாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "வெச்சாச்சுங்கம்மா" என்பாள். பிறகு தன் தெருவுக்குப் போய், அங்கே இருக்கிற அடிபைப்பில் அடித்து அந்தத் தண்ணீரைக் குடிப்பாள். இத்தனை வருஷத்தில் இது ஒருநாள்கூட எனக்கு உறைத்ததில்லை.

மாசி மாதத்தில் அந்தத் தெருவில் ஒரு கைக்குழந்தைக்கு உதடும் நகமும் நீலம் பாய்ந்துவிட்டது. தாய்க்குப் பால் போதாமல் பவுடர் பால் கரைத்துக் கொடுத்திருந்தார்கள். தூக்கிக்கொண்டு சேலத்துக்கு ஓடினார்கள். நல்ல வேளை, பிழைத்தது. டாக்டர் தண்ணீரைப் பற்றி விசாரித்துவிட்டு, "வயல்ல போடற உரம் தண்ணியில இறங்கியிருக்கு. காய்ச்சினாலும் போகாது. கைக்குழந்தைக்கு இந்தத் தண்ணி ஆகவே ஆகாது" என்று சொல்லி அனுப்பினாராம்.

அதைக் கேட்டதிலிருந்து எங்கள் களைக்காரிக்கு வேலையில் கை ஓடவில்லை. அவளுடைய ஒரே மகள் அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குத்தான் வரவேண்டும். வெங்காயத்துக்கு நடுவில் குத்தவைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"ஏனுங்கம்மா, எம்புள்ளைக்கும் பால் பத்தலீன்னா நான் எந்தத் தண்ணியிலீங்க கரைச்சுக் குடுக்கறது?"

"அதெல்லாம் பத்தும். நீயா எதையாச்சும் நெனச்சுக்காத சாமி" என்றேன். சும்மா கிடைக்கிற ஆறுதலை அள்ளிக் கொடுப்பதில் எனக்கு என்றைக்கும் குறை வந்ததில்லை.

குழந்தை விஷயம் அரசாங்கம் வரைக்கும் போய், சித்திரையில் ஒரு திட்டம் வந்தது. அதற்காக ஊரில் கூட்டம் போட்டார்கள். மலையடியிலிருந்து ஏரி வரைக்கும் ஓடையோரத்து ஊர்கள் எல்லாம் சேர்ந்து விவசாய முறையை மாற்ற வேண்டும் என்றார்கள். ஒரு ஊர் மட்டும் மாறினால் பிரயோஜனமில்லை, எல்லாரும் மாறினால்தான் தண்ணீர் தெளியும் என்றார்கள். கோழி எருவை ஓடைக்கரையில் குவிக்கக் கூடாது, மேட்டில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மட்கவிட வேண்டும். மண்ணைப் பரிசோதித்து, யூரியாவைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வெங்காயம் எடுத்த நிலத்தை மழைக்கு வெறுமனே போடாமல் தட்டைப்பயறாவது விதைக்க வேண்டும். ஓடையை ஒட்டி இரண்டு பக்கமும் பத்தடி உழாமல் புல் வளரவிட வேண்டும்.

பத்தடி என்றதும் கூட்டத்தில் ஒரு சத்தம் வந்தது பாருங்கள், இழவு வீட்டில்கூட அப்படிக் கேட்டதில்லை. பங்காளியோடு ஒரு முழ வரப்புக்காக இத்தனை வருஷம் கோர்ட்டுக்கு நடந்தவர் எழுந்து, "பத்தடிய உட்டுப்போட்டு நாங்க ரோட்டுல நிக்கறதுங்களா?" என்றார். அந்த மனிதரின் நிலத்தில் பாதி, கோர்ட்டு முடியட்டும் என்று வேலிக்காத்தான் முளைத்துக் கிடக்கிறது. என் வீட்டுக்காரரும் எழுந்தார். "எங்கப்பன் காலத்துலருந்து இப்படித்தானுங்க பண்றோம்" என்றார். மாமனார் காலத்தில் கோழிப் பண்ணையே கிடையாது, வீட்டில் இருந்தது இரண்டு கோழியும் ஒரு சேவலும்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நாலு பேர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வளர்ந்த வளர்ப்பு அது.

அதிகாரி கடைசியில் ஒன்று சொன்னார். மேலே இருக்கிற கிணறுகளில் உரம் இறங்கியிருப்பது பரிசோதனையில் தெரிந்தால், கீழ்த்தெருவுக்கு உடனே ஆற்றுத் தண்ணீர் பைப் வரும். மற்ற வேலைகள் பின்னால் ஒவ்வொன்றாக நடக்கும். கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த களைக்காரி அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

தண்ணீர் எடுக்க ஒரு பெண் வந்தாள். ஆத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை, படித்து முடித்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். நாங்கள் வரிக்கு வரி 'ங்க' போடுவது அவளுக்கு ஒரே வேடிக்கை. "என்னங்க ஆன்ட்டி, நாய்க்குக்கூட மரியாதை குடுக்கறீங்க" என்று சிரிப்பாள். எங்கள் ஊரில் மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் விடியற்காலையில்தான் வரும். அதனால் முந்தின நாளே மேல் வீடுகள் ஐந்துக்கும் ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்து, "மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுட்டு, நேரா கிணத்துத் தண்ணியப் புடிச்சு வையுங்க. பத்து மணிக்கு வந்து வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகிற போக்கில் இன்னொன்றையும் சொன்னாள். முடிவை வீட்டு வாரியாக ஊராட்சிப் பலகையில் ஒட்டுவார்களாம்.

அவ்வளவுதான். அன்றைக்கு மாலை ஐந்து வீட்டுப் பெண்களும் என் வாசலில் கூடிவிட்டோம்.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் இன்றைக்குக் காடு வைத்திருக்கிற வீட்டுப் பையனுக்குப் பெண் கிடைப்பது லேசான காரியம் இல்லை. என் மகனுக்கு வயது முப்பத்து மூன்று. ஜாதகம் பார்த்துப் பார்த்து அந்தக் காகிதமே கிழிந்துவிட்டது. தப்பித்தவறிப் பெண் வீட்டார் வந்தால், வீட்டைப் பார்ப்பார்கள், பிறகு நேரே கிணற்று மேட்டுக்குப் போவார்கள். எட்டிப் பார்ப்பார்கள். ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்க்கிற கிழவர் ஒருவர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார். தண்ணீர் நன்றாக இருந்தால் பாதிக் காரியம் முடிந்தது. எங்கள் ஐந்து வீட்டில் மூன்று வீட்டில் பையன்கள் காத்துக் கிடந்தார்கள்.

"தண்ணி கெட்ட ஊடுன்னு பேர் போட்டு ஒட்டுனா எவனுங்க்கா பொண்ணு குடுப்பான்?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"அரசாங்கத்துல கேட்டு வந்த புள்ளைக்கு அந்த உப்புத் தண்ணியக் குடுக்கறது நமக்குத்தான் அசிங்கம்" என்றாள் இன்னொருத்தி. ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும் என்கிற பழக்கம் அவளுக்கு! பரிசோதனைக்குக் கேட்ட தண்ணீரை உபசாரத்துக்குக் கேட்டதாக எடுத்துக்கொண்டாள். இந்த மாதிரி அறிவு எங்கள் பக்கத்தில்தான் விளையும், அதுவும் உரம் போடாமலே.

அப்போது ஒருத்தி கேட்டாள், "கேன் எதுக்கடி இருக்குது?"

கேட்டது நான்தான். ஊராரைத் திட்டிக்கொண்டே வந்துவிட்டு இந்த இடத்தில் என் பெயரை மட்டும் மறைத்தால் என்னைவிடக் கேவலமானவள் இருக்க முடியாது. கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தவள், மகளிர் குழுவுக்குத் தலைவி, மருந்து டப்பாவில் இங்கிலீஷில் எழுதியிருப்பதை ஊருக்கே படித்துச் சொல்கிறவள். அந்தப் படிப்பு இதற்குத்தான் உதவியது.

மறுநாள் காலையில் புதுக் கேன் வந்து இறங்கியது. சமையல்கட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து மூடியைத் திறந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் பாட்டிலில் ஊற்றினேன். நான்கு வீட்டிலும் அதே நேரத்தில் அதே வேலை நடந்திருக்கும். பத்து மணிக்கு அந்தப் பிள்ளை வந்து ஐந்து பாட்டிலையும் வாங்கி, பெயர் எழுதி ஒட்டி, பெட்டியில் வைத்துக்கொண்டு போனாள். கீழ்த்தெரு அடிபைப்பில் மட்டும் அவளே அடித்துப் பிடித்தாள். அதற்குக் கரண்ட் வேண்டாமே.

ஆனி மாதத்தில் பந்தல் போட்டார்கள். நான் முதலில் சொன்ன பொன்னாடைக் கூட்டம் அதுதான். மேலே ஐந்து கிணறும் பிரமாதமான சுத்தமாம். குழந்தைக்கே கொடுக்கலாமாம். ஓடையோரத்தில் மற்ற ஊர்கள் எங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். கைதட்டல். என் வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்து, "மண்ணு நமக்குத் தாய்ங்க, தாய்க்கு வெசம் வெக்கலாமுங்களா?" என்றார். ஓடைக்கரையில் கிடந்த டிப்பர் எரு அப்போது நன்றாகப் புகைந்துகொண்டிருந்தது. பேசிவிட்டு வந்து உட்கார்ந்தவர், "எப்பிடி?" என்று கண்ணால் என்னைக் கேட்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அதிகாரி அடுத்த காகிதத்தை எடுத்தார். கீழ்த்தெரு பைப்பில் மட்டும் தண்ணீர் ரொம்பக் கெட்டிருக்கிறது என்றார். மேலே எல்லாம் சுத்தமாக இருக்கிறபோது கீழே மட்டும் எப்படிக் கெடும்? அதையும் அவரே சொன்னார். அந்தத் தெருவின் கழிப்பறைக் குழிகளும் ஆட்டுப்பட்டியும்தான் காரணம். வயலில் இருந்து இறங்கியது இல்லை என்று தெரிந்துவிட்டதால் ஆற்றுத் தண்ணீர் பைப் இந்தத் திட்டத்தில் வராது. அது வேறொரு ஊருக்குப் போகிறது.

எங்கள் ஆண்கள் தலையாட்டினார்கள். "சுத்தபத்தமா இருக்கோணும்ல" என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். ஓடையில் பூச்சிமருந்து டப்பா கழுவுகிறவர் அவர்.

ஓரத்தில் நின்றிருந்த களைக்காரி கேட்டாள், "அப்ப நாங்க எதைங்க குடிக்கறது?"

"முதல்ல குழியெல்லாம் சரி பண்ணுங்கம்மா, அப்புறம் பாக்கலாம்" என்றார் அதிகாரி. மறுநாள் அந்த அடிபைப்புக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். பெயின்ட் அடித்தால் தாகம் அடங்கிவிடுமா? வேறு பைப் அவர்களுக்கு இல்லை. சிவப்புப் பைப்பையே அடித்துக் குடித்தார்கள். அவள் மகளுக்கு அப்போது ஏழு மாதம்.

அதற்குப் பிறகும் ஒருநாள் விட்டு ஒருநாள் அவள் கேனைத் தூக்கி வந்தாள். "வெச்சாச்சுங்கம்மா" என்றாள். முன்பு போல நின்று பேசுவதில்லை. நானும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. வெங்காயச் சட்டியில் என்னமோ பெரிய வேலை இருப்பதுபோலத் திரும்பிக்கொள்வேன்.

ஆவணியில் அவள் மகளுக்கு வளைகாப்பு வைத்தார்கள். வளையல் போட்டு, கட்டுச்சோறு போட்டு, அன்றைக்கே பிரசவத்துக்கு அம்மா வீட்டோடு வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. "நீங்க கண்டிப்பா வரோணுங்க" என்று வெற்றிலை வைத்துக் கூப்பிட்டாள். போனேன்.

கீழ்த்தெரு விசேஷத்துக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் போகிற விதமே தனி. போவோம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். கடையில் வாங்கிய கலர் பாட்டிலை, மூடி திறக்காமல், கையில் கொடுப்பார்கள். அந்த வீட்டுச் சோற்றையும் தண்ணீரையும் நாங்கள் தொடமாட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரியும் என்று எங்களுக்கும் தெரியும். மூடி போட்ட கலர் பாட்டில் அந்த அசிங்கத்தையும் சேர்த்து மூடிவிடும். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, மொய் வைத்துவிட்டு, வெயிலைக் குறை சொல்லிக்கொண்டே வந்துவிடுவோம். என் அம்மா அப்படிச் செய்தாள், நானும் செய்தேன். கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கும் நாற்காலி போட்டார்கள். அந்தப் பெண் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சந்தனம், இரண்டு கை நிறைய வளையல். நானும் இரண்டு வளையலைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். களைக்காரி உள்ளே போனாள். கலர் பாட்டில் வரும் என்று கையை நீட்டத் தயாராக இருந்தேன்.

ஒரு சொம்பு வந்தது. நிறையத் தண்ணீர்.

"தண்ணி குடிங்கம்மா" என்று நீட்டினாள்.

சுற்றிலும் உட்கார்ந்திருந்த பெண்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். வேண்டாம் என்றால் ஒரு காரணம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், பழைய காரணம்தான் என்று அங்கே இருக்கிற ஒவ்வொருத்தியும் எடுத்துக்கொள்வாள். எடுத்துக்கொள்ள உரிமையும் உண்டு. தண்ணீர் கெட்டது என்று சொல்லலாம். எப்படிச் சொல்வது? மேலே கிணறெல்லாம் தேனாக இருக்கிறது, கெட்டதற்கு இவர்கள்தான் காரணம் என்று மைக்கில் சொல்லியாகிவிட்டதே. என் புருஷன் பொன்னாடை வாங்கியிருக்கிறாரே.

அவள் நீட்டிய கையை இறக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். மணையில் இருந்த பெண்ணும் பார்த்தாள்.

வாங்கினேன். அண்ணாந்து ஊற்றாமல் வாய் வைத்தே குடித்தேன். கரித்தது. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கரிக்கிற அதே கரிப்பு. முக்கால் சொம்பு குடித்தேன். திருப்பிக் கொடுக்கும்போது, அவள் குனிந்த சமயம், அவள் காதோடு சொன்னேன்.

"அன்னைக்குப் பாட்டில்ல நான் ஊத்துனது கேன் தண்ணி சாமி. கெணத்துத் தண்ணி இல்ல."

அவள் நிமிர்ந்தாள். நான் ரகசியமாகச் சொன்னதற்கு அவள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னாள்.

"தெரியுமுங்க. அந்தக் கேனை உங்க வாசப்படியில எறக்கி வெச்சதே நாந்தானுங்களே. தொடப்பத்தை எடுக்கறதுக்குத் திரும்பி வந்தனுங்க. நீங்க மூடியத் தெறந்து ஊத்துனீங்க. பாத்துட்டுத்தான் போனேன்."

"அப்பவே ஏன் சொல்லுல?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு கேடுகெட்ட கேள்வி என்று தெரிந்தது.

"யாருகிட்டீங்க சொல்றது? ஆபீசருகிட்டீங்களா? கக்கூசுக் குழி நாறுதுன்னு எங்கள மைக்குலயே சொன்னாருங்களே, அவருகிட்டீங்களா?" என்றாள். "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க. ஆனி போச்சு, ஆடியும் போச்சு."

அவமானத்தில் எனக்கு வந்த முதல் யோசனை என்ன தெரியுமா? கேன். "இனிமே உன்ற ஊட்டுக்கும் ஒரு கேன் போடச் சொல்றேன். புள்ளைக்குப் பால் கரைக்க அது ஆகும்" என்றேன். எங்கள் புத்தி அப்படி. ஊர்த் தண்ணீரை எல்லாம் கெடுப்போம், கேட்டால் ஒரு கேனைக் கொடுத்துக் கணக்கை முடிக்கப் பார்ப்போம்.

"எனக்குக் கேன் வேண்டாங்கம்மா" என்றாள். "இந்தத் தெருவுல இன்னும் நாலு பேரு முழுகாம இருக்கறாங்க. எத்தன கேன் போடுவீங்க? அந்தப் பாட்டில்ல உங்க கெணத்துத் தண்ணியப் புடிச்சுக் குடுங்க. அது போதும்."

வீட்டுக்கு வந்ததும் ஆத்தூர்ப் பிள்ளைக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். "ஏன் ஆன்ட்டி இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டபோது அவள் குரல் அழுகிற மாதிரி இருந்தது. பிறகு மேலதிகாரியிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகப் போனை வைத்துவிட்டாள். சாயங்காலம் கூப்பிட்டாள். "திரும்ப எடுக்கறாங்களாம். ஆனா அஞ்சு கிணத்துத் தண்ணியும் வேணும். ஒண்ணு மட்டும் மாறினா லேப்ல தப்பு நடந்துபோச்சுன்னு தள்ளிடுவாங்க."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். தாம்தூம் என்று குதித்தார். "ஊருக்குள்ள எம்மானத்த வாங்கப் பாக்கறியா? பொன்னாடை வாங்குன கை ஈரம் இன்னும் காயில, அதுக்குள்ள..."

"அந்தப் பொன்னாடைய மஞ்சள் மூட்டைக்கு மேல போர்த்தியிருக்கறேனுங்க. வேணும்னா எடுத்துத் தலையில கட்டிக்கோங்க" என்றேன். "உங்க மண்ணு தாய்னு மைக்குல சொன்னீங்களே, அந்தத் தாய் குடிக்கற தண்ணியத்தான் நாளைக்குப் புடிக்கப் போறேன்."

"பையனுக்குப் பொண்ணு?" என்றார். அந்த ஒரு கேள்வியை மட்டும் என்னாலும் தட்டிவிட முடியவில்லை. என் பிள்ளைதானே. ஆனால் வருகிற மருமகளும் ஒருநாள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு இதே வீட்டில்தான் நிற்பாள். அவளுக்குப் பிறக்கிறதற்கும் எத்தனை காலம் கேனிலேயே கரைப்பது? அவரிடம் இதைச் சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். தடுக்கவில்லை. அந்த மட்டும் லாபம்.

மறுநாள் ஆத்தூர்ப் பிள்ளை விடியற்காலைக் கரண்ட் நேரத்துக்கே வந்துவிட்டாள். ஐந்து காலி பாட்டிலையும் வாங்கி எங்கள் தண்ணீர்த் தொட்டித் திட்டில் வரிசையாக வைத்தேன். மோட்டாரைப் போட்டேன். ஊரே பார்க்கட்டும் என்று பைப் வாயில் பாட்டிலைப் பிடித்தேன். ஓடைக்கரை எரு நாற்றம் அப்படியே அடித்தது. கீழே சந்து முனையில் களைக்காரி வந்து நின்றாள். பக்கத்தில் அவள் மகள், வளைகாப்பு வளையல் கழற்றாத கையோடு.

பக்கத்து வீட்டுக்காரி மதில் மேலே தலையை நீட்டினாள். திட்டில் இருந்த பாட்டில்களைப் பார்த்தாள். மெல்லக் கேட்டாள், "ஏனுங்க்கா, இன்னைக்குக் கேன் வர்லீங்களா?"

"வந்துதுடி. அது நான் குடிக்கறதுக்கு. நீ உன்ற மோட்டாரைப் போட்டுட்டு வந்து இந்தப் பாட்டில எடுத்துட்டுப் போ. நானும் கூடவே வந்து நிக்கறேன். முடியாதுன்னா சொல்லு, ஆளுக்கு எந்தக் கேன்ல ஊத்துனீங்கன்னு ஆபீசுல போயி நானே எழுதிக் குடுத்துடறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். சந்து முனையில் நின்ற அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தாள். தலை மறைந்தது. கொஞ்ச நேரத்தில் அவர்கள் கிணற்று மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

இன்னும் மூன்று வீடு. மூன்று வாசலும் சாத்திக் கிடந்தன. சந்து முனையில் நின்ற இருவரும் நகரவில்லை. நானும் காலி பாட்டில்களுக்குப் பக்கத்தில் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.